துருவக் காற்றில் கலந்திருப்பது என்ன?
துணைக்கோள் அளவைகள்: ஒரு திறனாய்வு

பூமியைச் சூழ்ந்து, காந்தக்கோளம் எனப்படும் பெரும் பரப்பு ஒன்று இருக்கிறது. அதில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்துள்ளன. இத்துகள்கள் எங்கிருந்து வந்தவை? ஒரு மாணவரிடம் கேட்டால் "சூரியனிலிருந்து" என்ற விடை தயக்கமின்றி வரும். பாடநூல்கள் பலவற்றிலும் அதுவே காணப்படுகிறது. 1970-ஆம் ஆண்டுக்கு முன்பு ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோரும் அப்படியே எண்ணியிருந்தனர். துருவங்களின் மேலே பறந்த துணைக்கோள்கள் அயனிகளை இனம் பிரித்து எடைபோடத் தொடங்கிய பின் இந்த விடை ஆட்டம் கண்டது. 1987-இல் சாப்பெல், மூர், வெயிட் என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதற்கு நேர்மாறான ஒரு கருத்தை வெளியிட்டனர். காந்தக்கோளத்திலுள்ள துகள்கள் அனைத்தையும் தருவதற்குப் பூமியின் அயனி மண்டலம் ஒன்றே போதும் என்பது அவர்களது கூற்று.

சூரியனா, பூமியா? இரண்டு கட்சிகளும் துணைக்கோள் அளவைகளையே சான்றாகக் காட்டுகின்றன. ஆகவே அந்த அளவைகள் எதை மெய்ப்பித்தன, எதை மெய்ப்பிக்கவில்லை என்று சீர்தூக்கிப் பார்ப்பது பயனுடையது. இக்கட்டுரையின் நோக்கம் அதுதான்.

துருவத்தின் தனித்தன்மை

தரையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. உயரத்தில் அயனி மண்டலம் தொடங்குகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள அணுக்களையும் மூலக்கூறுகளையும் தாக்கி எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. எஞ்சுபவை நேர்மின் அயனிகள். கீழ்ப் பகுதியில் நைட்ரிக் ஆக்சைடு அயனியும் ஆக்சிஜன் மூலக்கூறு அயனியும் மிகுதி. ஏறத்தாழ 200 கி.மீ.க்கு மேல் ஒற்றை ஆக்சிஜன் அணுவின் அயனி ஆட்சி செய்கிறது. இன்னும் பல நூறு கி.மீ. மேலே சென்றால் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகிய இலேசான அயனிகள் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. கனமானது கீழே, இலேசானது மேலே என்பது எளிய நியாயம்.

ஹைட்ரஜன் அயனி உண்டாகும் விதம் சற்றுச் சுவையானது. ஓர் ஆக்சிஜன் அயனி, மின்னூட்டமற்ற ஒரு ஹைட்ரஜன் அணுவைச் சந்திக்கும்போது அதன் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் சாதாரண அணுவாகிவிடும், ஹைட்ரஜன் அயனியாகிவிடும். ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 13.60 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலும், ஆக்சிஜனிலிருந்து பிரிக்க 13.62 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் தேவை. வேறுபாடு மிகச் சிறிது. எனவே இக்கொடுக்கல் வாங்கல் இரு திசையிலும் எளிதாக நடைபெறுகிறது.

இதுவரை கூறியது எல்லா இடத்துக்கும் பொது. துருவத்தில் காந்தப்புலத்தின் போக்கு வேறு. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு காந்த ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால் அது ஏறத்தாழப் படுக்கையாக நிற்கும். காந்தத் துருவத்தருகே அதே ஊசி செங்குத்தாக நின்றுவிடும். அயனிகள் காந்த விசைக் கோடுகளின் வழியே எளிதாக ஓடும். குறுக்கே ஓடுவது கடினம். நடுக்கோட்டுப் பகுதியில் மேலே கிளம்பும் அயனி, கோட்டின் வழியே வளைந்து மறு அரைக்கோளத்துக்குள் விழும். துருவத்துக் கோடுகளோ மறு அரைக்கோளத்துக்கு உடனே திரும்புவதில்லை. அவை சூரியக் காற்றால் இழுக்கப்பட்டு, பூமியின் இரவுப் பக்கத்தில் நெடுந்தொலைவு வால் போல நீண்டு செல்கின்றன. ஆக, துருவம் என்பது மேலே திறந்த ஒரு வாசல் எனலாம்.

கணக்குக் கூறிய காற்று

வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது. வெளியேற ஆற்றலும் வேண்டும். பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்ப விநாடிக்கு 11.2 கி.மீ. வேகம் தேவை என்பதை வாசகர்கள் அறிவர். இதை ஆற்றலாக மாற்றிப் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 0.65 எலெக்ட்ரான் வோல்ட் ஆகிறது. ஹீலியம் நான்கு மடங்கு கனமானது, அதற்கு 2.6. ஆக்சிஜன் பதினாறு மடங்கு. அதற்கு 10-க்குச் சற்று மேல். அயனி மண்டலத்தின் மேற்பகுதியில் வெப்பநிலை 2,000 டிகிரி கெல்வின் என்று கொண்டால், ஓர் அயனியின் சராசரி ஆற்றல் கால் எலெக்ட்ரான் வோல்ட் அளவே வரும். இந்த முதலைக் கொண்டு ஹைட்ரஜன்கூட எளிதாகத் தப்ப முடியாது. ஆக்சிஜனோ எண்ணிப் பார்க்கவும் முடியாது.

இங்கே ஒரு துணை வந்து சேர்கிறது. எலெக்ட்ரான் மிக இலேசானது. ஈர்ப்பு அதைக் கட்டிப்போடுவதில்லை. அது மேலே பறக்கப் பார்க்கும். கனமான ஆக்சிஜன் அயனியோ கீழே தங்கும். ஆனால் எதிர்மின்னும் நேர்மின்னும் விலகினால் இடையே ஒரு மின்புலம் தோன்றும். அது எலெக்ட்ரானைக் கீழே இழுக்கும், அயனியை மேலே தூக்கும். இரண்டின் வெப்பநிலையும் சமமென்றால், இம்மின்புலம் ஆக்சிஜன் அயனியின் எடையில் சரிபாதியைத் தாங்கும் என்று கணக்குக் கூறுகிறது.

இப்போது ஓர் ஹைட்ரஜன் அயனியை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்சிஜனின் எடை 16 பங்கு. மின்விசை 8 பங்கு. ஹைட்ரஜனின் எடை ஒரே பங்கு. ஆனால் அதன் மீதும் அதே 8 பங்கு விசை மேல்நோக்கிச் செயல்படுகிறது. எடை போக 7 பங்கு எஞ்சுகிறது. ஹைட்ரஜன் மேலே எறியப்படுகிறது! இதைக் கணக்கிட்டு, ஒலியை விஞ்சும் வேகத்தில் துருவத்திலிருந்து இலேசான அயனிகள் வீசும் என்று 1968-இல் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி கூறினார். அதற்குத் 'துருவக் காற்று' என்று பெயரிட்டார். அதே ஆண்டில் பேங்க்ஸ், ஹோல்சர் ஆகியோர் விரிவான கணக்கை வெளியிட்டனர்.

இக்கணக்கின் முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் போகும், ஹீலியம் ஓரளவு போகும், ஆக்சிஜன் போகாது. இதுவே அன்றைய தீர்ப்பு.

துணைக்கோள்கள் கண்ட ஆக்சிஜன்

1965 நவம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர்-31, 1971 ஏப்ரலில் ஏவப்பட்ட ஐசிஸ்-2 ஆகிய துணைக்கோள்களில் பொருண்மை நிரல்மானி என்ற கருவி இருந்தது. உள்ளே வரும் அயனிகளைக் காந்தப்புலத்தால் வளைத்து, வளைவின் அளவைக் கொண்டு அவற்றின் நிறையைக் கூறும் கருவி இது. துருவப் பகுதியில் ஹைட்ரஜன் அயனிகள் மேல்நோக்கிச் செல்வதை இக்கருவிகள் காட்டின. 1,400 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சுற்றிய ஐசிஸ்-2, ஹீலியத்தின் மேலோட்டத்தையும் அளந்தது. துருவக் காற்று மெய்யானது என்று தெரிந்தது. கணக்கு வென்றது.

ஆனால் அதே காலத்தில் கணக்குக்கு அடங்காத செய்தி ஒன்றும் வந்தது. 1971 டிசம்பர் 17-ஆம் நாள் ஏற்பட்ட காந்தப் புயலின்போது, ஏறத்தாழ 800 கி.மீ. உயரத்தில் பறந்த ஓர் அமெரிக்கத் துணைக்கோள், மேலிருந்து கீழே பாயும் ஆக்சிஜன் அயனிகளைக் கண்டது. அவற்றின் ஆற்றல் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான் வோல்ட். ஷெல்லி, ஜான்சன், ஷார்ப் ஆகியோர் இதை 1972-இல் வெளியிட்டனர்.

இச்செய்தி ஏன் முக்கியமானது? சூரியக் காற்றிலும் ஆக்சிஜன் உண்டு. ஆனால் சூரியனின் கரோனா பத்து இலட்சம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. அங்கிருந்து புறப்படும் ஆக்சிஜன் பெரும்பாலும் ஆறு எலெக்ட்ரான்களை இழந்தே வருகிறது. பூமியின் ஆக்சிஜன் அயனி ஒரே ஓர் எலெக்ட்ரானை இழந்தது. ஆகவே ஒற்றை மின்னூட்டமுள்ள ஆக்சிஜன் என்றால் அது பூமியின் பிள்ளை. அதைப் போலவே, இரண்டு எலெக்ட்ரான்களையும் இழந்த ஹீலியம் என்றால் அது சூரியனிலிருந்து வந்தது. அயனியின் இனத்தை அளப்பது அதன் பிறப்பிடத்தை அறிவதற்கு ஒப்பானது. புயலின்போது மேலிருந்து பாய்ந்தது பூமியின் ஆக்சிஜனே. அப்படியென்றால் அது முன்னர் எப்போதோ மேலே சென்றிருக்க வேண்டும்!

மேலே செல்வதை நேரில் பார்த்தது எஸ்3-3 என்ற துணைக்கோள். 1976-இல் ஏவப்பட்ட இது, துருவ ஒளி தோன்றும் வட்டாரத்துக்கு மேலே 5,000 கி.மீ.க்கு அப்பால், கற்றையாக மேல்நோக்கிப் பாயும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் அயனிகளைக் கண்டது. வேறொரு வகை ஓட்டமும் தென்பட்டது. அலைகளால் அயனிகள் காந்தக் கோட்டுக்குக் குறுக்கே சூடேற்றப்படுகின்றன. சூடேறிய அயனி கோட்டைச் சுற்றி வேகமாகச் சுழலும். காந்தப்புலம் கீழே வலிமையாகவும் மேலே மெலிந்தும் இருப்பதால், சுழலும் அயனி மெலிந்த பக்கம் நோக்கித் தள்ளப்படுகிறது. மத்தில் கடையும் மோர் தெறிப்பது போல, குறுக்கே பெற்ற ஆற்றல் மேலேறும் வேகமாக மாறுகிறது.

பழைய தீர்ப்பின் குறை இங்கேதான் இருந்தது. கணக்குத் தவறானதன்று. அமைதியான, சமநிலையுள்ள ஓர் அயனி மண்டலத்துக்கு அது சரியே. துருவப் பகுதியோ பெரும்பாலும் அமைதியாக இருப்பதில்லை. சூரியக் காற்றின் ஆற்றல் மின்னோட்டங்களாகவும் அலைகளாகவும் அங்கே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆற்றலைச் சேர்க்காமல் எழுதிய கணக்கைக் கொண்டு 'ஆக்சிஜன் போகாது' என்று பொதுவிதி கூறியதுதான் பிழை.

'போதும்' என்ற சொல்

1981 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஏவப்பட்ட டைனமிக்ஸ் எக்ஸ்புளோரர்-1 இத்துறையில் ஒரு திருப்பம். துருவத்தின் மேலே 23,000 கி.மீ.க்கும் அதிகமான உயரம் வரை சென்ற அதில், குளிர்ந்த அயனிகளை இனம் பிரிக்க ஒரு கருவியும், ஆற்றல் மிக்கவற்றை இனம் பிரிக்க மற்றொரு கருவியும் இருந்தன. பகல் பக்கத்தில் சூரியக் காற்று எளிதாக இறங்கும் பிளவுப் பகுதியிலிருந்து ஆக்சிஜன் நீரூற்றுப் போல் எழுவது தெரிந்தது. வெளியேறும் ஆக்சிஜனின் அளவு விநாடிக்கு 10²⁵ முதல் 10²⁶ அயனிகள் வரை என மதிப்பிடப்பட்டது. காந்தக் குழப்பம் மிகும்போது இந்த அளவு ஏறத்தாழ இருபது மடங்கு வரை உயர்ந்தது. ஹைட்ரஜனோ அந்த அளவுக்கு மாறவில்லை.

இந்த எண்களை முதலாகக் கொண்டே 1987-ஆம் ஆண்டின் கூற்று எழுந்தது. ஆராய்ச்சியாளர் மூவரும் அயனி மண்டலத்தின் எல்லா வாயில்களிலிருந்தும் வெளியேறும் அயனிகளைக் கூட்டினர். காந்தக்கோளத்தின் ஒவ்வொரு பகுதியின் கன அளவையும், ஓர் அயனி அங்கே எவ்வளவு நேரம் தங்கும் என்பதையும் கணக்கில் கொண்டனர். கிடைத்த அடர்த்தி, துணைக்கோள்கள் அங்கே கண்ட அடர்த்திக்குக் குறையவில்லை. ஆகவே பூமி ஒன்றே போதும் என்றனர்.

இந்த ஆய்வின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. சூரியனே எல்லாம் என்ற எண்ணத்தை அசைத்து, அயனிகளின் இனத்தை அளக்காமல் காந்தக்கோளத்தைப் பற்றிப் பேச முடியாது என்ற நிலையை அது உண்டாக்கியது. ஆனால் அதன் முடிவை அப்படியே ஏற்பதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதல் தடை, தருக்கம் பற்றியது. ஓர் ஏரி நிரம்பியிருக்கிறது. அதற்கு நீர் தரும் வாய்க்காலை அளக்கிறோம். ஏரியை நிரப்ப அந்த நீர் போதும் என்று தெரிகிறது. அதனால் மழை பெய்யவில்லை என்று கூற முடியுமா? 'போதும்' என்பது வேறு. 'அதுவே காரணம்' என்பது வேறு. தலைப்பில் 'போதுமான மூலம்' என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். அதைப் படித்தவர்களில் சிலர் 'ஒரே மூலம்' என்று பொருள் கொண்டுவிட்டனர்.

இரண்டாவது தடை, ஹைட்ரஜன் பற்றியது. ஆக்சிஜனும் ஹீலியமும் தம் பிறப்பிடத்தை மின்னூட்டத்தால் காட்டிவிடும் என்று கண்டோம். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஓர் எலெக்ட்ரான். அதை இழந்தபின் சூரிய ஹைட்ரஜனும் பூமி ஹைட்ரஜனும் ஒன்றே. சூரியக் காற்றின் அயனிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஹைட்ரஜன். துருவக் காற்றிலும் ஹைட்ரஜனே தலைமை. ஆகவே வழக்கின் பெரும்பங்கைத் தீர்க்க வேண்டிய சாட்சிக்கே ஊர் பேர் இல்லை.

மூன்றாவது தடை, தங்கும் நேரம் பற்றியது. வரவையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால்தான் இருப்பு கிடைக்கும். வரவை ஓரளவு அளந்தார்கள். தங்கும் நேரத்தை அளக்கவில்லை, கணித்தார்கள். அந்த நேரம் இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும்.

இவற்றோடு, கூற்றின் உள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. காந்தக்கோளத்தின் சில பகுதிகளில் கணக்கிட்ட அடர்த்தி, அளந்த அடர்த்தியைவிட அதிகமாக வந்தது. அங்கே கருவிகளுக்குத் தென்படாத குளிர்ந்த அயனிகள் மறைந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் தந்தனர். காணாத ஒன்றைச் சாட்சிக்கு அழைப்பது ஆபத்தான வழி. ஆயினும் இந்த இடத்தில் அவர்கள் கூறியது சரியே என்று பின்னர் தெரிந்தது.

கருவியின் குருட்டுப் புள்ளி

சூரிய ஒளி படும் துணைக்கோளின் உலோகப் பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒளிமின் விளைவு என்று நாம் படிப்பது இதுதான். சுற்றிலும் பிளாஸ்மா அடர்த்தியாக இருந்தால் இழந்த எலெக்ட்ரான்கள் உடனே ஈடாகிவிடும். வெகு உயரத்தில் பிளாஸ்மா மிக மெலிந்தது, ஈடாவதில்லை. ஆகவே துணைக்கோள் நேர்மின் ஏற்றம் பெறுகிறது. சில வோல்ட் முதல் பல பத்து வோல்ட் வரை இது போகும்.

1989 பிப்ரவரியில் ஜப்பான் ஏவிய அகெபோனோ என்ற துணைக்கோள் 10,500 கி.மீ. உயரம் வரை சென்று துருவக் காற்றை அளந்தது. உச்சியருகே பகல் பக்கத்தில் ஹைட்ரஜன் விநாடிக்கு ஏறத்தாழ 12 கி.மீ., ஹீலியம் 7 கி.மீ., ஆக்சிஜன் 4 கி.மீ. வேகத்தில் மேலேறுவதை அது கண்டது. துருவக் காற்றில் ஆக்சிஜனும் உண்டு என்பதற்கு இது உறுதியான சான்று. இந்த வேகங்களை ஆற்றலாக மாற்றிப் பாருங்கள். ஹைட்ரஜனுக்கு 0.75 எலெக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜனுக்கு 1.3 எலெக்ட்ரான் வோல்ட் அளவே வருகிறது. ஐந்து வோல்ட் நேர்மின் ஏற்றமுள்ள ஒரு துணைக்கோளை இவை நெருங்கவே முடியாது. வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்படும். கருவி 'அயனி இல்லை' என்று எழுதும். வெளியே அயனி வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்!

அகெபோனோ சென்ற உயரத்தில் பிளாஸ்மா ஓரளவு அடர்த்தி உடையதாதலால் இந்த இடர் குறைவு. அதற்கு மேலே செல்லச் செல்ல இடர் பெருகும். 1996 பிப்ரவரியில் ஏவப்பட்ட போலார் என்ற துணைக்கோளில் இதற்கு ஒரு மாற்று வழி செய்தார்கள். செனான் வாயுவின் பிளாஸ்மாவைத் துணைக்கோளிலிருந்தே வெளியே விட்டு, அதன் மின் ஏற்றத்தை ஏறத்தாழ இரண்டு வோல்ட்டுக்கு இறக்கினார்கள். உடனே, பூமியின் ஆரத்தைப் போல் எட்டு ஒன்பது மடங்கு தொலைவில், அதுவரை வெறுமையாகத் தோன்றிய இடத்தில் ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் தென்பட்டன.

2000-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட நான்கு கிளஸ்டர் துணைக்கோள்கள் வேறு வழியைக் கையாண்டன. ஆற்றில் நட்ட கம்பத்துக்குப் பின்னால் நீர் பிளந்து செல்வது போல, நேர்மின் ஏற்றமுள்ள துணைக்கோளைச் சுற்றி ஓடும் குளிர்ந்த அயனிகள் பின்னே ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கின்றன. அதில் எலெக்ட்ரான்கள் புகுவதால் ஒரு போலி மின்புலம் தோன்றும். முதலில் இது அளவையைக் கெடுக்கும் தொல்லையாகவே கருதப்பட்டது. பின்னர் அந்தத் தொல்லையின் அளவைக் கொண்டே அயனிகளின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். எங்வால் முதலியோர் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, விநாடிக்கு 10²⁶ என்ற அளவில் குளிர்ந்த அயனிகள் பூமியிலிருந்து வெளியேறுகின்றன. காந்தக்கோளத்தின் வால் பகுதியில் பெரும்பரப்பில் அவையே மிகுதி.

பாராட்ட வேண்டிய முறைதான். ஆனால் இதிலும் ஒரு குறையைக் காண்கிறோம். அயனிகள் கருவியின் உள்ளே வரவில்லை; அவற்றின் நிழலைத்தான் பார்த்தோம். நிழலைக் கொண்டு ஆள் இருக்கிறான் என்று கூறலாம். யார் என்று கூற முடியாது. ஹைட்ரஜன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்பதை இம்முறை நேரடியாகக் காட்டவில்லை. பெரும்பங்கு ஹைட்ரஜன் என்று கொண்டு கணக்கிட்டனர். நாம் தொடங்கிய கேள்வியே அயனியின் இனத்தைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது.

அரை வோல்ட்டும் செய்தித்தாள்களும்

1968-ஆம் ஆண்டுக் கணக்கின் அடிப்படையான மின்புலத்தை நேரில் அளக்க 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மே 11-இல் எண்டூரன்ஸ் என்ற ராக்கெட், நார்வேக்குச் சொந்தமான சுவால்பார்டு தீவுகளில் உள்ள நி-ஓலசுண்டிலிருந்து ஏவப்பட்டது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருப்பதும் இதே ஊரில்தான். 248 கி.மீ. முதல் 768 கி.மீ. உயரம் வரை மின்னழுத்த வேறுபாடு 0.55 வோல்ட் என்று காணப்பட்டது. 2024-இல் இம்முடிவு வெளிவந்தபோது, ஈர்ப்பு, காந்தம் ஆகியவற்றுக்கு இணையான ஒரு புதிய புலம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்திகள் பரபரப்புடன் பேசின.

இதை நாமே எடைபோடலாம். அந்த 520 கி.மீ. தூரம் ஏற ஆக்சிஜன் அயனிக்கு ஈர்ப்பை எதிர்த்து வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 0.73 எலெக்ட்ரான் வோல்ட். மின்புலம் தருவது 0.55. அதாவது எடையில் முக்கால் பங்கை அது சுமக்கிறது. எளிய கணக்கு அரைப் பங்கு என்றது. உண்மையில் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை அயனிகளுடையதைவிட அதிகமாதலால் பங்கு கூடுகிறது. ஹைட்ரஜனுக்கோ தேவைக்கு மேல் பத்து மடங்குக்கும் அதிகமாகக் கிடைக்கிறது. ஆகவே இது புதுப் புலமன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கில் இருந்த புலம் முதன்முறையாக அளக்கப்பட்டது. இதன் சிறப்பு அதுவே. அத்துடன், முக்கால் பங்கு சுமை தீர்ந்தாலும் ஆக்சிஜன் தானே தப்பிவிடாது என்பதையும் கவனியுங்கள். மின்புலம் அதை உயரத்தில் நிறைத்து வைக்கிறது. மேலே வீசுவதற்கு இன்னும் அலைகளின் ஆற்றல் வேண்டும். ஒரே ராக்கெட் ஒரே நாளில் அளந்த அளவை இது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேடயம் என்னும் உவமை

துருவ அயனி அளவைகள் மற்றொரு பழக்கமான வாக்கியத்தையும் சோதனைக்கு உள்ளாக்கியுள்ளன. 'பூமியின் காந்தப்புலம் நம் காற்று மண்டலத்தைக் காக்கும் கேடயம்' என்று படிக்கிறோம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் பூமியைப் போன்ற காந்தப்புலம் இல்லை. உவமை முழுவதும் சரியென்றால் அவை பூமியைவிட மிக வேகமாக ஆக்சிஜன் அயனிகளை இழக்க வேண்டும். அக்கோள்களைச் சுற்றிய விண்கலங்கள் அளந்த இழப்போ விநாடிக்கு 10²⁴ முதல் 10²⁵ அயனிகள் என்ற அளவில்தான் இருக்கிறது. பூமியின் துருவங்களிலிருந்து மேலேறும் அளவு இதற்குக் குறைந்ததன்று.

காரணம் நாம் முன்பே கண்டதுதான். காந்தப்புலம் சூரியக் காற்றை விலக்குவது உண்மை. ஆனால் அது மிகப் பெரிய பரப்பில் சூரியக் காற்றின் ஆற்றலைப் பற்றிக்கொண்டு, துருவத்தின் சிறு வட்டாரத்தில் கொட்டவும் செய்கிறது. ஆக, அது குடையாகவும் இருக்கிறது, புனலாகவும் இருக்கிறது. 2018-இல் குனெல் முதலியோர் எழுதிய ஆய்வு, காந்தப்புலம் காற்று மண்டலத்தைக் காக்கும் என்ற பொதுக் கருத்தையே மறுத்தது.

இங்கும் அவசரப்படக் கூடாது. மேலேறுவதெல்லாம் தப்பிப் போவதில்லை. காந்தக்கோளத்தின் வால் பகுதிக்குச் சென்ற ஆக்சிஜனில் ஒரு பங்கு மீண்டும் பூமியை நோக்கி வருகிறது. 1986 பிப்ரவரியில் வந்த பெரும் காந்தப் புயலின்போது, பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தில் ஆக்சிஜனின் பங்கு ஹைட்ரஜனின் பங்கை விஞ்சியிருந்தது. அது இவ்வாறு திரும்பி வந்த சரக்குதான். பெரும்பங்கு திரும்பிவிடுகிறது என்று 2001-இல் செகி முதலியோர் மதிப்பிட்டனர். கிளஸ்டர் அளவைகளைக் கொண்டு செய்த பின்னைய ஆய்வுகள், தப்பிப் போவதே அதிகம் என்கின்றன. இவ்வாதம் இன்னும் முடியவில்லை.

நம் மூச்சுக் காற்றுக்கு ஆபத்து உண்டோ என்று அஞ்ச வேண்டாம். விநாடிக்கு 10²⁶ ஆக்சிஜன் அணுக்கள் என்றால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம். காற்று மண்டலத்திலுள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 1.2 × 10¹⁸ கிலோகிராம். வகுத்துப் பாருங்கள். இதே அளவில் போனாலும் தீர 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகள்தான்.

முடிவாக

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இன்று கூறத்தக்க விடை இது. காந்தக்கோளத்தின் துகள்கள் சூரியனிலிருந்தே வந்தவை என்ற பழைய விடை தவறு. பூமியிலிருந்தே வந்தவை என்ற மறுவிடை மெய்ப்பிக்கப்படவில்லை. பூமியின் பங்கு பெரிது. காந்தப் புயலில் அது மேலும் பெரிதாகிறது என்பது ஆக்சிஜனைக் கொண்டு உறுதியாகிவிட்டது. ஹைட்ரஜனின் வழக்கு நிலுவையில் உள்ளது. குளிர்ந்த அயனிகளைத் தொலைவில் இனம் பிரித்து, பல இடங்களில் ஒரே நேரத்தில் அளக்கும் நாள் வரும்வரை அது அப்படியே இருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதேனும் ஓர் அளவைப் பட்டியலில் சுழி என்ற எண்ணைக் கண்டால், அங்கே ஒன்றுமில்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்தக் கருவியால் எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்று முதலில் விசாரியுங்கள். துருவத்தின் மேலே பல ஆண்டுகள் வெற்றிடம் என்று எண்ணப்பட்ட இடத்தில் பூமியின் அயனிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாடநூலில் 'கேடயம்' என்ற சொல்லைப் படிக்கும்போது, பக்கத்தில் பென்சிலால் 'புனலும்கூட' என்று எழுதி வையுங்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஆசிரியர் கேட்டால் காரணம் கூற உங்களால் இப்போது முடியும்.